பரதேசியிடம் பாடம் கேட்ட மகாவித்துவான்

திருச்சியில் ஒரு பரதேசி தெருத் தெருவாகப் பிச்சை எடுத்து வந்தார். அவருக்குத் தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூல் நன்றாகத் தெரியும். ஆனால் எளிதில் யாருக்கும் சொல்லித்தர மாட்டார். ஒரு வாலிபர் விடவில்லை. பிச்சைக்குப் போகும் இடமெல்லாம் அவர் பின்னாலேயே நடந்தார். கடைசியில் அந்த நூலைப் பாடம் கேட்டே விட்டார்!

அந்த வாலிபர்தான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. 1815-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் சிதம்பரம் பிள்ளையும் தமிழாசிரியரே. மேலும் கற்கும் ஆசையால் சென்னை சென்று, காஞ்சிபுரம் சபாபதி முதலியார் முதலிய புலவர்களிடம் பயின்றார். அச்சுப் புத்தகம் அரிதாக இருந்த காலம் அது. ஏட்டைப் பிரதி செய்துதான் படிக்க வேண்டும்.

பாடுபட்டுத் தேடிய கல்வியைப் பிள்ளை வாரி வழங்கினார். மாயூரத்திலும் திருவாவடுதுறை மடத்திலும் அவரைச் சுற்றி எப்போதும் மாணவர் கூட்டம். சம்பளம் கேட்டதில்லை. சோறும் போட்டார், அதனால் கடனும் பட்டார்.

முதலில் அந்தாதி, பிள்ளைத்தமிழ். பிறகு புராணம், காப்பியம், இலக்கணம் என்று பாடத்துக்கு வரிசை உண்டு. ஆனால் நூலை முடித்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. 1871-ல் உ. வே. சாமிநாதையர் வந்து சேர்ந்தபோது, நைடதத்தில் ஒரு பாட்டைச் சொல்லிப் பொருள் கூறச் செய்தார். மாணவர்களைச் செய்யுள் இயற்றவும் வைப்பார். இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்கள் பாடியவர் அவர். அவர் பாடப் பாட மாணவர் ஏட்டில் எழுதுவார். பாட்டு உருவாவதைக் கண்ணெதிரே காண்பதைவிட வேறு பாடம் ஏது?

சாதி, மதம் பார்க்காமல் கற்பித்தார். 1876 பிப்ரவரி 1-ந் தேதி அவர் உயிர் பிரிந்தபோது, கிறிஸ்தவ மாணவர் சவேரிநாத பிள்ளையின் மார்பில் சாய்ந்திருந்தார். சாமிநாதையர் அருகிலிருந்து திருவாசகம் படித்தார்.

பிள்ளையின் மாணவர் தியாகராச செட்டியார் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராக இருந்தார். 1880-ல் ஓய்வு பெற்றபோது, தம் இடத்துக்குச் சாமிநாதையரைச் சிபாரிசு செய்தார். பட்டமோ பரீட்சைச் சான்றோ இல்லாத அந்த இளைஞர் காலேஜ் வகுப்பில் பாடம் சொல்லத் தொடங்கினார். ஏழே ஆண்டில், 1887-ல், சீவகசிந்தாமணியை முழுவதுமாக உரையோடு அச்சிட்டு வெளியிட்டார்.