கோட்டைவிட்ட தளபதி எழுதிய கிளாசிக்: யார் இந்த தூசிடிடீஸ்?

வரலாறு படிக்க ஆசை, எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பலரும் சொல்லும் பெயர்களில் ஒன்று ‘பெலோபொனீசியப் போரின் வரலாறு’. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் 27 ஆண்டுகள் மோதிக்கொண்ட கதை. எழுதிய தூசிடிடீஸ் அந்தப் போரை வேடிக்கை பார்த்தவர் அல்ல. அதில் பதவியையும் ஊரையும் இழந்தவர்.

நோயிலிருந்து பிழைத்தவர்

கி.மு. 460 வாக்கில் பிறந்த ஏதென்ஸ்காரர். வடக்கே திரேஸ் பகுதியில் தங்கச் சுரங்க உரிமை வைத்திருந்த வசதியான ஆள். கி.மு. 431-ல் போர் தொடங்கியதுமே, இது பெரிதாகப் போகும் என்று கணித்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

அடுத்த ஆண்டே ஏதென்ஸில் கொள்ளைநோய். அவருக்கும் தொற்றியது, பிழைத்துக்கொண்டார். தெய்வக் குற்றம் என்று சொல்லாமல், அறிகுறிகளை வரிசையாகப் பதிவுசெய்தார். ஒருமுறை பிழைத்தவரை நோய் மறுபடி கொல்லவில்லை என்பதையும் கவனித்தார். திரும்ப வந்தால் மக்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்பதுதான் நோக்கம்.

ஒரே நாளில் எல்லாம் போச்சு

கி.மு. 424-ல் தளபதி பதவி. ஸ்பார்ட்டாவின் பிராசிடாஸ் ஆம்பிபொலிஸ் நகரை நெருங்கியபோது, தூசிடிடீஸ் அரை நாள் கடல் பயண தூரத்தில், தாசோஸ் தீவில் இருந்தார். 7 கப்பல்களோடு விரைந்தார். அதற்குள் தாராளமான நிபந்தனைகளைச் சொல்லி நகரைத் தன் வசமாக்கிவிட்டார் பிராசிடாஸ். பக்கத்துத் துறைமுகத்தை மட்டுமே காப்பாற்ற முடிந்தது. ஏதென்ஸுக்குக் கப்பல் கட்ட மரமும் வருமானமும் தந்த நகரம் அது. விளைவு, 20 ஆண்டுகள் ஊர்ப்பக்கம் வர முடியாத வாழ்க்கை.

தன் தோல்வியை எப்படி எழுதினார்?

சுருக்கமாக, வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல. சாக்குப்போக்கு இல்லை. தன்னை முந்திய பிராசிடாஸின் திறமையையும் பாராட்டினார். அந்த நேர்மைதான் நூலின் பலம்.

அதற்காக முழு நடுநிலையாளர் என்று சொல்லிவிட முடியாது. ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோன் மீதான கோபம் அப்பட்டமாகத் தெரியும். நூலில் வரும் உரைகளை, சூழலுக்குப் பொருத்தமாகத் தானே அமைத்ததாகவும் சொல்லிவிடுகிறார்.

ஊரை விட்டு வெளியே இருந்ததில் ஒரு லாபமும் கிடைத்தது. எதிர்த்தரப்பின் பக்கத்திலிருந்தும் போரைப் பார்க்க முடிந்தது. கி.மு. 404-ல் ஏதென்ஸ் தோற்றபோதும் அவர் உயிரோடு இருந்தார். ஆனால் நூல் கி.மு. 411-லேயே, ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது.

எங்கே தொடங்கலாம்?

மொத்தம் 8 பாகங்கள். கொள்ளைநோய் 2-ம் பாகத்தில், ஆம்பிபொலிஸ் 4-ல், ஏதென்ஸை உலுக்கிய சிசிலிப் படையெடுப்பு 6, 7-ல். முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்கள் இவற்றிலிருந்தே ஆரம்பிக்கலாம்.