எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் இயந்திரம்

பழைய டிராக்டர்கள் பலவற்றின் முன்புறத்தில் ஒரு துளை இருக்கும். வளைந்த இரும்புக் கைப்பிடியை அத்துளையில் செருகி, முழு வலிமையுடன் சுழற்றினால்தான் இயந்திரம் இயங்கத் தொடங்கும். தொடக்கக்கால மகிழுந்துகளையும் இவ்வாறுதான் இயக்கினர். சில வேளைகளில் இயந்திரம் எதிர்த்திசையில் உதைக்கும். அப்போது கைப்பிடியைப் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு முறிந்துவிடுவதும் உண்டு. உடல் வலிமை குறைந்தோர் பிறர் துணையின்றி வண்டியை எடுக்க இயலாது. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங்.

கெட்டரிங் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஒஹாயோ மாநிலத்தின் லவுடன்வில் என்னும் ஊருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பில் ஆர்வம் மிக்க அவருக்குக் கண்களே பெருந்தடையாக இருந்தன. சிறிது நேரம் படித்தாலும் கண்வலியும் தலைவலியும் அவரை வாட்டின. சில காலம் கிராமப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிய பின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஆனால், கண்நோய் முற்றியதால் படிப்பைப் பாதியில் விட நேர்ந்தது.

அவர் சோர்ந்து வீட்டில் அமர்ந்துவிடவில்லை. தொலைபேசிக் கம்பம் நடும் குழுவில் சேர்ந்தார். திறந்தவெளியில் குழி தோண்டுவதும் கம்பி இழுப்பதும் அவருடைய கண்களுக்கு ஓய்வு தந்தன. மின்சாரத்தின் இயல்பையும் அங்கேதான் அவர் நேரில் கற்றார். உடல்நலம் தேறியதும் மீண்டும் பல்கலைக்கழகம் சென்றார். நண்பர்கள் பாடங்களை வாசித்துக் காட்ட, அவர் கேட்டு மனத்தில் இருத்திக்கொண்டார். 1904ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதில், பொறியியல் பட்டம் பெற்றார். உடன் படித்தவர்கள் பலரைவிட அவர் மூத்தவராக இருந்தார்.

பட்டம் பெற்றதும் டேட்டன் நகரில் கடைகளுக்கான பணப்பதிவு இயந்திரங்களைத் தயாரிக்கும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த இயந்திரங்களைக் கையால் சுழற்றியே இயக்க வேண்டியிருந்தது. அவற்றை மின்சாரத்தால் இயக்கும் பணி கெட்டரிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது அவர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். நாள் முழுவதும் ஓடும் மோட்டார் பெரியதாக இருக்க வேண்டும். ஆனால், சில நொடிகள் மட்டும் உழைத்துவிட்டு ஓய்வெடுக்கும் மோட்டார் சிறியதாக இருந்தாலே போதும். அந்தக் குறுகிய நேரத்தில் அது தன் அளவுக்கு மீறிய வேலையையும் செய்துவிடும்.

1909ஆம் ஆண்டு அவர் அந்த வேலையை விட்டு விலகினார். நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் ஆய்வுக்கூடம் டீட்ஸின் வீட்டுக் கொட்டகைதான். மகிழுந்துகளுக்கான தீப்பொறிக் கருவியை மேம்படுத்தும் பணியே அங்கு முதலில் நடந்தது.

அதன் பின்னர் காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லீலண்ட், கைப்பிடியின்றி மகிழுந்தை இயக்க ஒரு வழி காணுமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். பொறியாளர் பலர் இது நடவாத காரியம் என்று கருதினர். மகிழுந்தின் இயந்திரத்தைச் சுழற்றப் பெரிய மோட்டார் வேண்டும். அதற்கு மின்சாரம் தர மிகக் கனமான மின்கலங்களும் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. கெட்டரிங்கோ பணப்பதிவு இயந்திரம் கற்றுத் தந்த பாடத்தை மறக்கவில்லை. மகிழுந்தின் இயந்திரத்தையும் சில நொடிகள் சுழற்றினால் போதும். அதற்குப் பின் அது தானே ஓடும். ஆகவே, சிறிய மோட்டாரே போதுமென அவர் துணிந்தார்.

எனினும், இன்னொரு சிக்கல் எஞ்சியிருந்தது. ஒவ்வொரு முறையும் வண்டியை எடுக்க மின்கலத்தின் ஆற்றல் செலவாகும். எடுத்ததைத் திருப்பி நிரப்பாவிட்டால், மின்கலம் விரைவில் வெறுமையாகிவிடும். இதற்குக் கெட்டரிங் கண்ட விடை எளிமையானது, அழகானது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் அது சுழலும். அதையே வேறொன்று சுழற்றினால் மின்சாரம் தரும். எனவே, அவர் ஒரே கருவிக்கு இரண்டு வேலைகளைக் கொடுத்தார். முதலில் அது மோட்டாராகி இயந்திரத்தை இயக்கியது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் மின்னியற்றியாக மாறி, மின்கலத்தை நிரப்பியது; விளக்குகளுக்கும் ஒளி தந்தது. சில நொடிகளில் செலவானது, நெடுநேர ஓட்டத்தில் சிறுகச் சிறுகத் திரும்பி வந்தது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்துகள் இந்த அமைப்புடன் விற்பனைக்கு வந்தன.

பின்னாளில் மோட்டாரும் மின்னியற்றியும் தனித்தனிக் கருவிகளாயின. மகிழுந்துகளைத் தொடர்ந்து டிராக்டர்களும் அவற்றைப் பெற்றன. ஆயினும், அடிப்படைக் கருத்து மாறவில்லை. இன்றும் பழைய டிராக்டரைப் பழுதுபார்ப்பவர் அக்கருத்தைப் பின்பற்றியே குறையைத் தேடுகிறார். வண்டி கிளம்பவில்லை என்றால், மின்கலத்தின்மீது உடனே பழி போடக் கூடாது. மின்கலம் நல்லதாகவே இருக்கலாம். அதை நிரப்பும் வழியில் தடை இருக்கலாம். மின்னியற்றியைச் சுழற்றும் பெல்ட் தளர்ந்திருக்கலாம். உள்ளே உராய்ந்து மின்சாரத்தைச் சேகரிக்கும் கரித்துண்டுகள் தேய்ந்திருக்கலாம். இயந்திரம் நின்றதும் மின்னோட்டம் பின்னோக்கிச் செல்லாமல் தடுக்கும் தானியங்கி விசை ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவ்விசை பழுதானால், இரவு முழுவதும் மின்கலம் தன் ஆற்றலை மின்னியற்றிக்குள் வீணாக இழக்கும். காரணத்தைக் காணாமல் புதிய மின்கலத்தைப் பொருத்தினால், அதுவும் சில நாளில் வெறுமையாகிவிடும்.

கெட்டரிங் தாம் பிறந்து வளர்ந்த விவசாய வாழ்க்கையையும் மறக்கவில்லை. அக்காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் எட்டவில்லை. சிறிய இயந்திரம், மின்னியற்றி, மின்கலங்கள் ஆகியவற்றை ஒன்றிணைத்து, 32 வோல்ட் மின்சாரம் தரும் அமைப்பை டெல்கோ 1916ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. மண்ணெண்ணெய் விளக்கை நம்பியிருந்த பல வீடுகளில் அதனால் மின்விளக்கு எரிந்தது.

அவர் வாழ்வில் ஓர் இருண்ட பக்கமும் உண்டு. 1920ஆம் ஆண்டு முதல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவை அவர் வழிநடத்தினார். இயந்திரங்கள் தட்டும் ஒலியோடு திணறியதைப் போக்க, அவருடைய குழுவினர் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்தனர். திணறல் நின்றது. ஆனால், ஈயம் நஞ்சு. 1924ஆம் ஆண்டு அச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். மருத்துவ அறிஞர்கள் எச்சரித்தும் விற்பனை தொடர்ந்தது. வண்டிகளின் புகையோடு கலந்த ஈயம், பல பத்தாண்டுகளாக உலகெங்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதித்தது. மகிழுந்துகளுக்கான ஈய பெட்ரோலின் விற்பனை உலகம் முழுவதும் நின்றது 2021ஆம் ஆண்டில்தான். இயந்திரத்தின் குறையைத் தீர்த்த அதே அறிவு, காற்றில் கலக்கும் நஞ்சுக்கு உரிய இடத்தை அளிக்கத் தவறியது.

கெட்டரிங் 1947ஆம் ஆண்டு ஓய்வு பெற்று, 1958ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பெற்ற காப்புரிமைகள் 180க்கும் மேற்பட்டவை. புற்றுநோய் ஆய்வுக்காக நியூயார்க்கில் 1945ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஆய்வு நிலையம் ஒன்று அவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

கண் பார்வை தடுத்தபோதும் கற்பதை நிறுத்தாத மன உறுதியை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது. குறையைக் கண்டால் அதன் வேரைத் தேட வேண்டும் என்பதை அவர் உருவாக்கிய கருவி உணர்த்துகிறது. ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்ட பின், அத்தீர்வுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதை அவருடைய பிழை நமக்கு நினைவூட்டுகிறது.