ஓர் ஆசிரியர், இரு மொழிகள்

சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் 1878-இல் நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் அதைக் கண்டித்தன. ஓர் இந்தியரின் உயர்வு அவற்றுக்குக் குறையாகவே தெரிந்தது. மறுமொழி கூற நம்மவர் கையில் இதழ் இல்லை. ஆறு இளைஞர்கள் ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, செப்டம்பர் 20 அன்று 80 படிகள் அச்சிட்டு 'தி ஹிந்து' வார இதழைத் தொடங்கினர். அவர்களுள் முதன்மையானவர், திருவையாற்றில் 1855-இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர்.

ஆங்கில இதழின் குரல் ஆட்சியாளர் செவியை எட்டியது. ஆங்கிலம் அறியாத மக்களை எட்டவில்லை. எனவே, 1882-இல் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கினார். 1898-இல் ஹிந்துவிலிருந்து விலகியவர், மறு ஆண்டே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். அரசியலையும் பொருளாதாரத்தையும் நாள்தோறும் சொல்லத் தமிழில் புதிய சொற்கள் தேவைப்பட்டன. 1904-இல் உதவியாசிரியராகச் சேர்ந்த பாரதி, செய்திகளை மொழிபெயர்த்து அப்பணியில் பங்கேற்றார்.

எழுதியதை வாழ்ந்தும் காட்டினார் ஐயர். கைம்பெண்ணான தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தார்.

இருபது ஆண்டுகள் ஆங்கிலத்தில் அரசைக் குறைகூறியபோது நேராத கைது, சுதேசமித்திரன் எழுத்துகளுக்காக 1908-இல் நேர்ந்தது. காலம் மாறியிருந்தது உண்மையே, கேட்போரும் மாறியிருந்தனர். ஆங்கிலத்தில் ஆள்வோரிடம் வைத்த முறையீடு, தமிழில் ஆளப்படுவோருக்குச் சொன்ன செய்தியாயிற்று. 1916-இல் மறைந்த அவரது வாழ்வு உணர்த்துவது இதுவே: யாருடைய மொழியில் எழுதுகிறோமோ, அவர்களுக்கே அது செய்தியாகிறது.