பெருந்தலைவர் எம்.சி. இராஜா

மயிலை சின்னத்தம்பி இராஜா அவர்கள் 1883ஆம் ஆண்டு சூன் திங்கள் 17ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். ஆசிரியப் பணியை மேற்கொண்டு பாடநூல்கள் பல எழுதினார். ஆசிரியர் ஒருவரே நம் மக்களின் குரலாகச் சட்டமன்றம் புகுந்தார் என்பதில் எம்போன்றோர்க்குத் தனிப் பெருமிதம் உண்டு. 1922ஆம் ஆண்டு, பறையர், பஞ்சமர் என்னும் பெயர்களை நீக்கி ஆதி திராவிடர் என வழங்கவேண்டுமெனச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வெற்றி கண்டார்.

அன்னாரின் வாழ்வில் நம் இளைஞர்கள் ஊன்றி நோக்கவேண்டிய ஆண்டு 1938. பொதுச்சாலை, கிணறு, குளம் ஆகியவற்றை நம் மக்கள் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றமென்னும் சட்ட முன்வரைவை அவர் கொணர்ந்தார். முதலமைச்சர் இராஜாஜியின் ஆதரவுடன் அது நிறைவேறியது. ஆனால் அதே ஆண்டு ஆலயப் பிரவேச மசோதாவை அவர் கொணர்ந்தபோது நிலை மாறிற்று. அதனைத் திரும்பப் பெறுமாறு இராஜாஜி வேண்டினார். முதலில் மலபாருக்கு மட்டும் தனிச்சட்டம் செய்து பார்க்கலாம் என்பது அரசின் கருத்து. இராஜா காந்தியடிகளிடம் முறையிட்டார். இராஜாஜியை நம்புமாறு அடிகள் அறிவுறுத்தினார். இராஜா இணங்கவில்லை; மசோதா தோற்றது.

அரசு கலகத்திற்கு அஞ்சியது. நெடுநாள் வழக்கத்தைத் தளர்த்தினால் என்ன நேருமென எவரும் முன்கூட்டி அறியார். ஆதலின் அவ்வச்சத்தை முற்றிலும் பொய்யென யாம் தள்ளோம். எனினும் நேரக்கூடிய தீங்கை மட்டும் தராசில் இட்டு, நாள்தோறும் நேர்ந்துகொண்டிருந்த தீங்கை இடாமல் விடுவது எங்ஙனம் நியாயமாகும்? வாயிலுக்கு வெளியே நின்றோருக்குக் காத்திருத்தலே இழப்பு. மலபார்ச் சட்டமோ, சாதி இந்துக்களின் வாக்கெடுப்புக்கு முடிவை விட்டது. இழப்பு இல்லாதோரே காலத்தை நிர்ணயிக்கலாயினர்! மேலும், 1936 நவம்பர் 12ஆம் நாளிலேயே திருவிதாங்கூர் மன்னர் தம் அரசின் ஆலயங்களைத் திறந்துவிட்டிருந்தார். அண்டை நாட்டின் அந்த அனுபவம் கண்முன் இருந்தது.

ஓராண்டு கழிந்தது. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட நம் மக்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுள் புகுந்தார். பட்டர்கள் சிலர் சினந்து விலகி நின்றனர். வழக்கும் வாதும் எழுந்தன. அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து, வாயில் திறந்தோரைக் காத்தது. வழிபாடு நின்றுவிடவில்லை. முன்னாண்டில் இயலாதெனப்பட்டது, துணிந்தோர் சிலர் முன்னடந்தபின் சட்டமும் ஆயிற்று.

இராஜாவின் முடிவுகள் யாவும் ஐயத்திற்கு அப்பாற்பட்டவை அல்ல. 1932இல் கூட்டுத்தொகுதியை ஏற்று மூஞ்சேயுடன் அவர் செய்த உடன்பாட்டை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் 1942இல் கிரிப்ஸ் அவர்களைக் காண இருவரும் ஒன்றாகவே சென்றனர்.

மாகாணத்து ஆலயங்கள் அனைத்திற்குமான சட்டம் 1947இல் வந்தது. நம் மகாராஜபுரத்தார் வணங்கும் திருவில்லிபுத்தூர் ஆண்டாள் சந்நிதியும் அதனுள் அடங்கும். அதனைக் காண இராஜா இல்லை. 1943 ஆகஸ்டு 20ஆம் நாள் அவர் மறைந்திருந்தார்.