வூ சேத்தியனின் செப்புப் பெட்டி

சீன வரலாற்றில் தம் பெயரிலேயே பேரரசராக முடிசூடிக்கொண்ட ஒரே பெண் வூ சேத்தியன். அவர் கி.பி. 624இல் பிறந்தார். மர வணிகத்தில் செல்வம் சேர்த்த அவருடைய தந்தை, பின்னர் தாங் அரசில் உயர்பதவி பெற்றார்.

வூ 14 வயதில் பேரரசர் தைசோங்கின் அந்தப்புரத்திற்குச் சென்றார். 649இல் தைசோங் மறைந்ததும், மரபுப்படி பௌத்த மடத்திற்கு அனுப்பப்பட்டார். அவரது அரண்மனை வாழ்க்கை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால், தைசோங்கின் மகனான பேரரசர் காவ்சோங் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார். 655இல் வூ பட்டத்தரசியானார். முந்தைய அரசியோ பதவியோடு உயிரையும் இழந்தார்.

காவ்சோங் நோயுற்றபோது அரசாங்க அலுவல்களை வூவே கவனித்தார். 683இல் அவர் மறைந்தபின், இரு மகன்களை அடுத்தடுத்து அரியணையில் அமர்த்தினார். அவர்கள் பெயருக்குத்தான் அரசர்கள்.

686இல் தலைநகர் லுவோயாங்கில் ஒரு செப்புப் பெட்டியை வைக்கச் செய்தார். அதற்கு நான்கு அறைகள் இருந்தன. அரசுப் பணியை நாடுவோர் ஓர் அறையிலும், ஆட்சியின் குறைகளைச் சுட்டுவோர் மற்றோர் அறையிலும், அநீதிக்கு உள்ளானோர் மூன்றாம் அறையிலும் தங்கள் மடல்களை இட்டனர். எளிய குடிமகனின் குரலும் அரசியின் செவியை எட்ட வழி பிறந்தது. அது பெரிய மாற்றம்தான்.

நான்காம் அறை சகுனங்களுக்கும் சதி பற்றிய இரகசியச் செய்திகளுக்கும் உரியது. அச்சம் அங்கிருந்தே பரவியது. ஒற்றுச் சொல்ல வருவோருக்குப் பயணக் குதிரையும் உணவும் அரசே வழங்கியது. சொன்னது பொய்யானாலும் தண்டனை இல்லை. குற்றம் சாட்டப்பட்டோர் சித்திரவதைக்கு ஆளாயினர். அப்பெட்டியை வடிவமைத்த யூ பாவ்ஜியாவே, அதில் வந்து விழுந்த ஒரு புகாரால் கொல்லப்பட்டார்.

690இல் வூ பேரரசராக முடிசூடி, சோவ் என்னும் புதிய அரசமரபைத் தொடங்கினார். ஈராண்டுகளில் நேர்மையான அமைச்சர் தீ ரென்ஜியே பொய்ப் புகாரால் சிறைப்பட்டார். அவர் துணியில் முறையீடு எழுதி, பஞ்சு வைத்துத் தைத்த ஆடைக்குள் மறைத்துத் தம் மகனுக்கு அனுப்பினார். மகன் அதைப் பேரரசரிடம் சேர்ப்பித்ததால் தீயின் உயிர் தப்பியது. பின்னாளில் வூ அவரையே மீண்டும் அமைச்சராக்கி, அவர் சொல்லுக்குப் பெரிதும் மதிப்பளித்தார். திறமையை அறிந்து போற்றும் கண் வூவுக்கு இருந்தது. அதே கண்தான் சந்தேகத்தால் பலரைப் பலிகொண்டது.

705இல், முதுமையில் நோயுற்றிருந்த வூவை அமைச்சர்கள் பதவி விலகச் செய்தனர். அவ்வாண்டே அவர் மறைந்தார். கணவரோடு அடக்கம் செய்யப்பட்ட இடத்தில் அவருக்கு ஓங்கி உயர்ந்த கல் ஒன்று நாட்டப்பட்டது. அவர் புகழையோ பழியையோ கூறும் ஓர் எழுத்தும் அதில் செதுக்கப்படவில்லை. இன்று அக்கல்லில் காணப்படும் எழுத்துகள், பல நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கு வந்தவர்கள் பொறித்தவை.