கரம்பில் ஒரு கல்விக்கூடம்

நுழையும்முன்

பயிர் விளையாத நிலத்தைப் பயனற்றது என ஒதுக்குவது உலக வழக்கு. அத்தகைய நிலம் ஒன்றையே தம் வாழ்நாள் செல்வமாகக் கருதிப் பல ஆண்டுகள் தேடிப் பெற்றார் ஓர் ஆசிரியர். அங்கு வளர்ந்த மண்ணுக்குரிய செடிகளையும், அவற்றை நாடிவந்த சிற்றுயிர்களையும் உலகுக்கு அறிமுகப்படுத்திய பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞர் ழான் ஆன்ரி ஃபாபரின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது.

வறுமையும் கல்வியும்

ஃபாபர் 1823ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், தெற்குப் பிரான்சின் சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் பெயர்ந்தமையால் அவருடைய பள்ளிப் படிப்பு பலமுறை தடைப்பட்டது. எனினும் தேர்வெழுதி உதவித்தொகை பெற்று, அவிஞோன் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்றார். பத்தொன்பது வயது நிரம்பும் முன்பே, 1842இல் கார்ப்பாந்த்ரா நகரில் ஆசிரியரானார். குறைந்த ஊதியத்தில் குடும்பத்தை நடத்திக்கொண்டே கணிதத்தையும் அறிவியலையும் தாமாகவே கற்றுப் பட்டங்கள் பெற்றார்.

ஒருநாள் நில அளவைப் பாடத்திற்காக மாணவர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் சென்றார். அவர்களோ அளவைப் பணியை மறந்து, கூழாங்கற்களில் ஒட்டியிருந்த மண்கூடுகளைத் தேடித் தேடிச் சென்றனர். கூட்டிலிருந்த தேனை வைக்கோல் தாளால் உறிஞ்சினர். கூட்டமாக வாழாமல் தனித்து வாழ்ந்து, மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் கொத்தனார்த் தேனீயை ஃபாபர் அன்றுதான் அறிந்தார். அதைப் பற்றி மேலும் அறிய, ஏறத்தாழ ஒரு மாத ஊதியத்தைச் செலவிட்டுப் பூச்சிகளைப் பற்றிய நூல் ஒன்றை வாங்கினார். மாணவர் காட்டிய வழியே ஆசிரியரின் வாழ்க்கைப் பாதையாயிற்று.

பூவின் பாடமும் பணியிழப்பும்

1853இல் அவிஞோன் நகரப் பள்ளிக்கு வந்த ஃபாபர், ஓய்வு நேரங்களில் குளவிகளின் வேட்டை முறையை ஆராய்ந்து 1855இல் கட்டுரை வெளியிட்டார். சார்லஸ் டார்வின் அவருடைய கூர்நோக்கைத் தம் நூலில் பாராட்டினார். டார்வினின் கொள்கையை ஃபாபர் ஏற்கவில்லை; ஆயினும் இருவரும் மதிப்புக் குறையாமல் கடிதத் தொடர்பு கொண்டிருந்தனர்.

அக்காலத்தில் பெண்களுக்கு அறிவியல் கல்வி எட்டாக் கனியாக இருந்தது. அக்குறையைப் போக்கக் கல்வி அமைச்சர் விக்தர் துருயி மேற்கொண்ட முயற்சியில் ஃபாபரும் பங்கேற்றார். இலவசமாக நடந்த மாலை வகுப்புகளில் இளம்பெண்களும் அமர்ந்து கேட்டனர். மகரந்தம் எவ்வாறு சூலகத்தைச் சேர்ந்து காயும் விதையும் உண்டாகின்றன என்பதை அவர் அங்கு விளக்கினார். பெண்கள் முன்னிலையில் இதனைப் பேசுவது முறையன்று எனப் பழமைவாதிகள் கொதித்தெழுந்தனர். முடிவில் ஃபாபர் பணியை இழந்தார். குடியிருந்த வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. 1870இல் கையில் பொருளின்றி நின்ற குடும்பத்திற்கு, ஆங்கிலேய மெய்யியலறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 3,000 பிராங்கு கடனாக அளித்தார். ஃபாபர் ஓரான்ஷ் நகருக்குக் குடிபெயர்ந்து, மாணவர்களுக்கான அறிவியல் நூல்களை எழுதி வருவாய் ஈட்டினார்; பெற்ற கடனையும் திருப்பிச் செலுத்தினார். அங்கு வாழ்ந்தபோது, 1877இல், பூச்சி ஆய்வில் தமக்குத் துணைநின்ற இளம் மகன் ழூலை இழந்தார்.

கரம்பு நிலம்

நூல்களின் வருவாயைக் கொண்டு 1879இல் செரிஞான் என்னும் ஊரில் ஏறத்தாழ ஒரு எக்டேர் நிலத்தை ஃபாபர் வாங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. கல்லும் முள்ளும் நிறைந்த அந்நிலத்திற்கு ‘அர்மாஸ்’ எனப் பெயரிட்டார். உழவின்றிக் கைவிடப்பட்ட நிலத்தை அப்பகுதி மக்கள் அச்சொல்லால் குறிப்பர். நம் வழக்கில் அது கரம்பு.

முன்பு அந்நிலத்தில் திராட்சை பயிரிடுவதற்காகத் தைம், லாவெண்டர், குற்றோக்கு முதலிய இயற்கைச் செடிகளைத் தோண்டி எறிந்திருந்தனர். தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் அவை வேண்டும் என உணர்ந்த ஃபாபர், அவற்றை மீண்டும் நட்டார். தாமாக முளைத்த முட்செடிகளையும் களையெனக் கருதி அழிக்கவில்லை. ஊரார் கண்ணுக்குப் பாழ்நிலமாகத் தோன்றிய அவ்விடம் சிற்றுயிர்களுக்கு விருந்தகமாயிற்று.

கரம்பின் குடிமக்கள்

பூக்கள் மட்டும் இருந்தால் தேனீக்கள் தங்கிவிடுவதில்லை. கூடு அமைக்க இடமும் பொருளும் வேண்டும். அர்மாஸ் அவ்விரண்டையும் தந்தது. ஒருவகைத் தேனீ முட்செடித் தண்டின் பஞ்சைச் சுரண்டிக் கூட்டுக்குள் மெத்தையிட்டது. மற்றொன்று இலைகளை வட்டமாக நறுக்கி அறைகள் அமைத்தது. வேறு சில, வெற்று நத்தை ஓடுகளிலும் உலர்ந்த முட்கொடித் தண்டுகளிலும் குடிபுகுந்தன. சுற்றுச்சுவர் எழுப்பக் கொண்டுவந்த கற்குவியலின் இடுக்குகளில் கொத்தனார்த் தேனீக்கள் தங்கின. மணற்குவியலைக் குளவிகள் குடைந்தன. மரங்களில் பறவைகளும் குளத்தில் தவளைகளும் வாழ்ந்தன.

இறந்த பூச்சிகளை ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்குவதே பூச்சியியல் எனப் பலர் எண்ணிய காலம் அது. ஃபாபரோ வாழும் பூச்சியை அதன் வாழிடத்திலேயே கண்டார். வெயிலில் மணிக்கணக்கில் காத்திருந்து நோக்கினார். அவர் கண்டவை பத்துத் தொகுதிகளாக 1879 முதல் 1907 வரை வெளிவந்து, உலக மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டன. 1915ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள், தொண்ணூற்றோராம் வயதில், அர்மாஸ் இல்லத்திலேயே ஃபாபர் மறைந்தார். 1922இல் பிரெஞ்சு அரசு அவ்விடத்தை வாங்கிப் பாதுகாத்தது.

பூவுக்கும் பூச்சிக்கும் உள்ள உறவை எடுத்துரைத்ததற்காக ஓர் ஊர் ஃபாபரை விலக்கியது. அவ்வுறவு தழைக்க அவர் பேணிய கரம்பு நிலமோ நாட்டின் பொதுச்சொத்தாயிற்று. வீட்டின் பின்புறத்திலோ பள்ளி வளாகத்தின் ஓரத்திலோ அந்தந்த மண்ணுக்குரிய செடிகளை வளர்த்து, சிறிது வெறுமண்ணையும் சில உலர்ந்த குச்சிகளையும் அகற்றாமல் விட்டுவைத்தால், அங்கும் சிற்றுயிர்கள் குடியேறும். பொறுமையோடு உற்றுநோக்குவோர்க்கு அச்சிறு நிலமே கல்விக்கூடமாகும்.