பேச்சைப் பறித்த பள்ளி
வகுப்பில் நாம் வாய் திறந்ததும், பேச்சை வைத்தே சாதியை ஊகித்துச் சிரித்தவர்கள் உண்டு. அதுபோன்ற வலியை நூலாக்கியவர் ஃபிரான்ஸ் ஃபனான். 1925-ல் கரீபியன் தீவான மார்த்தினிக்கில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கே அடிமை முறை 1848-லேயே ஒழிந்தது. பிரெஞ்சு ஆட்சி ஒழியவில்லை. ஊரார் பேசியது கிரியோல் மொழி. பள்ளியிலோ அதற்கு ஏளனம்தான். பிரெஞ்சைப் பிசிறின்றிப் பேசினால்தான் மதிப்பு. கறுப்புப் பிள்ளைகளுக்கு வெள்ளையர்களே முன்னோர் என்று பாடம் வேறு! இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகப் போரிட்டுக் காயம்பட்டார். அங்கும் நிறத்தைத்தான் பார்த்தார்கள். பிறகு மனநல மருத்துவம் படித்தார். இந்தத் தாழ்வு மனப்பான்மை பிறவியில் வந்ததல்ல, காலனி ஆட்சி ஊட்டியது என்று 1952-ல் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' நூலில் காட்டினார். அல்ஜீரிய விடுதலைப் போரில் இணைந்த அவர், 1961-ல் ரத்தப் புற்றுநோயால் 36 வயதில் இறந்தார். அல்ஜீரிய மண்ணிலேயே அடக்கம் செய்தார்கள்.